ஆவுடையப்ப பிள்ளையின் மகள்

மே 3, வியாழன்

வெக்கை. கடைவாய்ப் பல் வலி, கிராம்பு வைத்தும் அடங்கவில்லை. பரீட்சைத்தாள் திருத்தும் வேலை இன்று தொடக்கம். பூகோளத் தாள் எனக்கு. ஒரு பெண் காவிரியைத் திருவாங்கூரில் ஓடவிட்டிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தால் அண்ணன் காத்திருக்கிறார். வழுதக்காட்டுப் புதுவீட்டு ஹாலில் மாட்ட வம்சாவளி வேண்டுமாம். தேக்குப் பலகை, பொன் எழுத்து. பெயின்டரை ஏற்பாடு பண்ணியாயிற்று. பெயர்களை விசாரித்து எழுதித் தர வேண்டியது நான்.

“லீவுதானே பகவதி, சும்மாத்தானே இருக்கே.”

சும்மா இல்லை. சொல்லவில்லை. கல்யாணம் ஆகாமல் அண்ணன் வீட்டில் இருப்பவள் எதற்கும் சும்மா இருப்பவள்தான்.

பலகை பூட்டன் ஆவுடையப்ப பிள்ளையில் தொடங்கும். எண்பது வருஷம் முன்னால், தாது வருஷப் பஞ்சத்தில் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவாங்கூருக்கு வந்தவர். பெண்டாட்டி, ஒரே மகன். மகன்தான் எங்கள் தாத்தா நெல்லையப்ப பிள்ளை. சாலைக் கடைத்தெருவில் கருப்பட்டி, மிளகாய் வற்றல் வியாபாரம். அப்பா காலத்தில் கடை கைமாறிவிட்டது. அண்ணன் காண்டிராக்ட் எடுத்து மறுபடி தலை நிமிர்த்தினார்.

மேலே ஒரு வரி வேண்டும் என்றார். “பஞ்சத்திலும் குடும்பத்தைச் சிதறவிடாமல் காத்தவர்” என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்துப் பார்த்தார். சந்தோஷம். எனக்கும்தான்.

மே 5, சனி

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் எங்கள் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். மிஸஸ் கிரேஸ். நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவர். ஐம்பது வயதிருக்கும். புருஷன் இல்லை. போன வருஷம் என் வகுப்பைப் பார்வையிட வந்தபோது, “படத்தைச் சுவரில் மாட்டினால் போதாது டீச்சர், பிள்ளைகள் கையால் தொட வேண்டும்” என்றவர். அன்று முதல் கொஞ்சம் பயம், நிறைய மரியாதை. (இனி இ.அ. என்று எழுதுகிறேன்.)

மாகாணம் பிரித்தால் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் மெட்ராஸோடு போய்விடும் என்று ஆளாளுக்குப் பேச்சு. “அப்போ உங்க ஊர் எது டீச்சர்?” என்று இ.அ. சிரித்துக்கொண்டு கேட்டார். பலகை விஷயம் சொன்னேன். பெருமையாகவே சொன்னேன். பூட்டன் பெயர், வள்ளியூர், சாலைக் கருப்பட்டிக் கடை.

அவர் கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது.

“ஆவுடையப்ப பிள்ளையா? அவருக்கு எத்தனை பிள்ளைங்க?”

“ஒரே மகன்.”

“மகள் இல்லையா?”

“இல்லை அம்மா.”

டப்பாவை மூடிவிட்டு எழுந்து போனார். ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா? தெரியவில்லை.

அண்ணன் பெண்டாட்டி, என் மைனி, கேட்ட பிச்சிப்பூ வாங்க மறந்து, திட்டு.

மே 7, திங்கள்

எழுதினால்தான் நம்புவேன் போலிருக்கிறது.

இ.அ. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, காலியான நான்காம் வகுப்பு அறையில் உட்காரவைத்தார். சின்னப் பிள்ளைகள் பெஞ்சு. முட்டி இடித்தது. அவர் சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

“எங்கம்மா பேரு ரூத். அது மிஷன்ல வச்ச பேரு. பெத்தவங்க வச்சது உலகம்மை. பஞ்சத்துல நடந்து வந்தாங்க டீச்சர். வண்டி எல்லாம் கிடையாது. எங்கம்மாவுக்கு ஏழு வயசு இருக்கும், தம்பி இடுப்புக் குழந்தை. கணவாய் தாண்டினதும் மிஷன் கஞ்சித்தொட்டி. பெத்தவங்க இருக்கிற பிள்ளைக்கு வெளியே ஒரு வேளை கஞ்சி. அநாதைன்னா உள்ளே எடுத்துக்குவாங்க. படுக்க இடம், மூணு வேளையும் சாப்பாடு.”

பெஞ்சில் கிடந்த சாக்பீஸ் துண்டை எடுத்து ஓரமாக வைத்தார்.

“வெள்ளைக்காரம்மா, இது யாரு பிள்ளைன்னு கேட்டிருக்காங்க. எங்க தாத்தா, ‘தெரியாதும்மா, வழியில கிடந்துது, பாவமேன்னு தூக்கிட்டு வந்தேன்’னு சொன்னாராம். எங்கம்மா ‘அப்பா’ன்னு வேட்டியப் பிடிச்சிருக்காங்க. அதுக்கு அவர், ‘பசி மயக்கம்மா. பாக்குறவங்கள எல்லாம் அப்பாங்குது’ன்னாராம்.”

“அவங்கம்மா?”

“தள்ளி நின்னாங்களாம். தம்பியை இடுப்புல வச்சுக்கிட்டு. இந்தப் பக்கம் திரும்பல.”

உள்ளே கொண்டுபோய்ப் பெயர் கேட்டபோது அந்தப் பெண், ‘ஆவுடையப்ப பிள்ளை மக உலகம்மை’ என்று முழுதாகச் சொல்லியிருக்கிறாள். யாரும் நம்பவில்லை. மறந்துவிடக் கூடாதென்று தினமும் படுக்கும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்வாளாம். இ.அ.வுக்கும் ஜெபத்தோடு ஜெபமாக அதைச் சொல்லிக்கொடுத்தாளாம்.

கல்யாணமான பிறகு ஒரு தரம் விசாரித்துக்கொண்டு சாலைக்கு வந்தாளாம். தம்பி கடையில் தராசு பிடித்துக்கொண்டிருந்தான். கருப்பட்டி கேட்டாள். அவன் தராசைப் பார்த்தான், இவளைப் பார்க்கவில்லை. உள்ளே மூட்டைமேல் உட்கார்ந்திருந்த கிழவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “அந்த அம்மாட்ட காசு வாங்காதல” என்று மட்டும் சொன்னார். இவள் காசைத் தராசுத்தட்டில் வைத்துவிட்டு, கருப்பட்டியை எடுக்காமல் வந்துவிட்டாள்.

“நான் ஒண்ணும் கேட்டு வரல டீச்சர். எங்கம்மா பக்கத்துல ஒரு முகம்கூட நான் பாத்ததில்ல. மாமா படம் உங்க வீட்டுல இருந்தா ஒரு தரம் பாக்கணும். அவ்வளவுதான்.”

இருக்கிறது என்றேன். முறை போட்டுப் பார்த்தேன். அப்பாவுக்கு அத்தை மகள். எனக்குச் சித்தி முறை. அவர் ‘டீச்சர்’ என்றே பேசினார். நானும் ‘அம்மா’ என்று, எல்லா டீச்சரும் கூப்பிடுகிற மாதிரியே.

மே 9, புதன்

கரமனையில் அத்தை வீட்டுக்குப் போனேன். அப்பாவின் தங்கை, தாத்தாவின் பெண் பிள்ளைகளில் மிச்சம் இருப்பவள். ஆற்றங்கரைக் காற்றில் பல் இன்னும் வலித்தது. அத்தை மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

பெயர்கள் கேட்கிற சாக்கில் கேட்டேன். “தாத்தாவுக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் உண்டா அத்தே?”

“ஒரு பெண்பிள்ளை வழியில செத்துப்போச்சுன்னு சொல்லுவாவ. உலகம்மையோ என்னமோ.”

பெயரை நான் சொல்லவில்லை. அவளே சொன்னாள்.

பிறகு சிரித்தபடி ஒன்று சொன்னாள். அவள் பிறந்தபோது அந்தப் பெயரையே வைக்கலாம் என்று தாத்தா சொன்னாராம். செத்த பிள்ளையின் பெயரை வைப்பது வழக்கம்தானே. பூட்டி ஒரேயடியாகக் கத்தினாளாம்: “உசிரோட இருக்கவ பேரை எப்படிலே வைக்க?”

“கிழவிக்கு அப்பவே புத்தி கலங்கிப்போச்சு” என்றாள் அத்தை. கத்தி நின்றது. என்னைப் பார்த்தாள். “என்னத்துக்குட்டி இப்போ இது? உங்கண்ணன் மக கோமதிக்கு மாப்பிள்ளை திகைஞ்சு வர்ற நேரம். கிண்டாதே, கேட்டியா.”

அத்தைக்குத் தெரியும். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்திருக்கிறது. சேர்த்து வைத்துப் பார்க்கத்தான் யாருக்கும் மனசில்லை.

பஸ்ஸில் வரும்போது நினைவு: “சிதறவிடாமல் காத்தவர்.” என் கையெழுத்து. முகம் எரிந்தது.

மே 12, சனி

அண்ணனிடம் சொன்னேன். பாதிதான் சொன்னேன். தாத்தாவுக்கு ஒரு அக்கா இருந்தாள், கஞ்சித்தொட்டியில் விட்டுவிட்டு வந்தார்கள், பிழைத்துக் கிறிஸ்து வேதத்தில் சேர்ந்துவிட்டாள், வாரிசும் உண்டு என்று. யார் என்று சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

அவருக்கும் வருத்தம்தான். சாப்பிட்ட கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார்.

“பேரை மட்டும் போடுவோம் அண்ணே.”

“பேரைப் போட்டா எங்க கட்டிக் குடுத்துதுன்னு கேப்பான். பாளையங்கோட்டைச் சம்பந்தக்காரன் கேக்காம இருப்பானா? பெத்த பிள்ளையை யாருன்னு தெரியாதுன்னு சொன்னவன் வம்சம்னு ஹால்ல எழுதி மாட்டவா? நீயே சொல்லு.”

நான் எச்சில் தட்டை எடுத்தேன்.

“அவ்வோ பசியில செஞ்சது. நாம ஏன் தூக்கிச் சுமக்கணும்? விடு.”

அந்த மேல் வரியையாவது எடுத்துவிடலாம் என்றேன். பெயின்டர் எழுதிவிட்டானாம்.

பல் பிடுங்கியாயிற்று. வெறும் ஈறில் நாக்கு போய்ப் போய் நிற்கிறது.

மே 16, புதன்

திருத்தும் வேலை முடிந்தது. இ.அ. விடைபெறும்போது, “எப்போ வரலாம் டீச்சர்?” என்றார்.

“இருபதாம் தேதி புதுவீடு பால் காய்ப்பு. அன்னைக்கு வாங்களேன் அம்மா. எல்லாரும் வருவாங்க.”

எல்லாரும் வருவார்கள் என்பதற்காகவே அந்த நாளைச் சொன்னேன். கூட்டத்தோடு கூட்டமாக வந்து, பார்த்துவிட்டுப் போய்விடலாம். ஒரு கேள்வியும் எழாது. இதை அவரும் புரிந்துகொண்டிருப்பார். “சரி” என்றார்.

மே 20, ஞாயிறு

பால் பொங்கியது, கிழக்கே வழிந்தது. எல்லோருக்கும் திருப்தி. பாளையங்கோட்டையிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா, சித்தப்பா, இரண்டு பெண்கள். ஹாலில் பலகை. தாத்தா படம் பக்கத்தில், சந்தன மாலை.

பதினோரு மணி வாக்கில் இ.அ. வந்தார். வெள்ளைக் கைத்தறிச் சேலை, கையில் ஒரு சீப்புக் கதலிப்பழம். உறவு வீட்டுக்கு வருகிறவர்கள்தான் பழத்தோடு வருவார்கள். மைனி வாசலுக்குப் போய்விட்டு என்னிடம் ஓடிவந்தாள்.

“ஆருட்டி அது?”

“எங்க இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா.”

அவ்வளவுதான். வீடு முழுக்கப் பரபரப்பு. அண்ணன் துண்டை இடுப்பில் கட்டாத குறை. நல்ல நாற்காலி, வெள்ளி டம்ளரில் காப்பி. மாப்பிள்ளையின் அப்பாவிடம், “நம்ம பகவதிக்கு மேலதிகாரி, வீடு தேடி வந்திருக்காவ” என்று அண்ணனுக்கு வாய் நிறைய.

இ.அ. படத்தின் முன்னே போய் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அண்ணன் பக்கத்தில் வந்து நின்று விளக்கினார். நான் பலகாரத் தட்டோடு அந்தப் பக்கம்.

“இது எங்க தாத்தா. கூடப் பொறந்த பொறப்பு யாரும் கிடையாது. ஒத்தையா நின்னு கடையைத் தூக்கி நிறுத்தினவர்.”

“அப்படியா.” பலகையை மெதுவாக வாசித்தார். மேல் வரியையும் வாசித்தார். பிறகு அண்ணனைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார்.

“வேற யாரும் இல்லையா டீச்சர்?”

அண்ணன் கண்ணில் ஒரு பயம் வந்து போனது. வேறு பெயர் எதையாவது நான் உளறிவிடுவேனோ என்று. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“இல்லை அம்மா.”

தெளிவாகத்தான் சொன்னேன். குரல் நடுங்கக்கூட இல்லை. தட்டை நீட்டினேன். ஒரு முறுக்கு எடுத்துக்கொண்டார். காப்பியைக் குடித்து முடித்து, மைனியிடம் சொல்லிக்கொண்டு, அண்ணனுக்குக் கும்பிட்டுவிட்டுப் போனார். கேட் வரை நான் போகவில்லை. பழத்தை மைனி வந்தவர்களுக்குப் பிய்த்துக் கொடுத்தாள்.

பிறகு பாத்திரங்கள் எண்ணி வைத்தேன். கரண்டி ஒன்று காணோம். அதைத் தேடுகிற சாக்கில் பின்கட்டில் ரொம்ப நேரம் குனிந்திருந்தேன்.

பூட்டனுக்காவது பஞ்சம் இருந்தது.

மே 23, புதன்

இரண்டு நாள் ஒன்றும் எழுத முடியவில்லை. இன்று தம்பானூர்ப் பக்கம் இ.அ. வீட்டுக்குப் போனேன். சின்ன ஓட்டு வீடு. வழியில் திரும்பிவிடலாம் என்று நினைத்ததை மறைக்கவில்லை.

அவரே கதவைத் திறந்தார். கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தார். எங்கள் வீட்டுப் பெண்கள் வேதக்காரர் வீட்டில் கை நனைத்ததில்லை. குடித்தேன். அதை ஒரு பெரிய காரியம் போல மனசு சொல்லிக்கொண்டது. சீ.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“எங்கம்மா அவங்கப்பாவைக் கடைசி வரை ஒரு வார்த்தை குத்தம் சொல்லல டீச்சர். ‘என்னை உயிரோட விட்டுட்டுப் போறதுக்கு அவருக்கு வேற வழி தெரியல, அது பசி’ன்னு சொல்லுவாங்க. நானும் அதையே நம்பினேன்.”

காப்பி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“உங்களுக்கு என்ன பசி?”

கோமதி கல்யாணம் என்று சொல்லலாம். அண்ணன் வீட்டுச் சோறு என்று சொல்லலாம். இரண்டும் உண்மைதான். பதில் அதுவும் இல்லை.

ஜூன் 4, திங்கள்

மழை பிடித்துவிட்டது. பள்ளிக்கூடம் திறப்பு. குடை மாறிப்போய் யாருடையதோ கையில்.

இ.அ. புது வருஷப் பதிவுகளைப் பார்க்க வந்தார். ஸ்டாஃப் ரூமில் ஏழெட்டுப் பேர். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்ததும் மலையாளம் டீச்சர் என்னைக் கேட்டாள், பழக்கமா என்று: “அறியுமோ இவரெ?” மனசைக் கல்லாக்கிக்கொண்டு எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்.

“எனக்குச் சித்தி முறை. எங்க தாத்தாவோட அக்கா மகள்.”

மலையாளம் டீச்சர் என் இடுப்பில் கிள்ளினாள். “கள்ளி! இத்தர நாள் மறச்சு வச்சல்லோ. இனி நினக்கு டிரான்ஸ்பர் பேடிக்கண்டா.” இனி டிரான்ஸ்பருக்குப் பயப்பட வேண்டாமாம். எல்லோரும் சிரித்தார்கள். தலைமை ஆசிரியை எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். இதுவரை போட்டதில்லை.

அப்போதுதான் உறைத்தது. இங்கே சொன்னால் எனக்கு லாபம்.

இ.அ. கையெழுத்துப் போட்டு முடித்து, போகிற போக்கில் என் பக்கம் குனிந்து தணிந்த குரலில் சொன்னார்: “அதை வீட்டுல சொல்லுங்க.”

ஜூன் 6, புதன்

சொல்லிவிட்டேன்.

சாயங்காலம், அண்ணன் ஹாலில் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தார். மைனி திரி திரித்துக்கொண்டிருந்தாள். கோமதியும் இருந்தாள். மழைச் சத்தத்தில் இரண்டு தரம் சொல்லவேண்டி வந்தது.

“பால் காய்ப்புக்கு வந்தாங்களே இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா. அவங்கதான். உலகம்மை மகள்.”

மைனி முதலில் கேட்டது: “வெள்ளி டம்ளர்லயா குடுத்தோம்?” கேட்டுவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். கோமதி தன் அம்மாவைப் பார்த்த பார்வை எனக்குப் பிடித்திருந்தது.

அண்ணன் செய்தித்தாளை மடித்தார். மறுபடி விரித்தார். மறுபடி மடித்தார்.

“நான் அவங்க மூஞ்சிக்கு நேராவா அப்படிச் சொன்னேன்? கூடப் பொறந்தது யாரும் இல்லன்னு?”

“ஆமா அண்ணே.”

“பகவதி, நீ பக்கத்துலதானே நின்னே.”

“ஆமா, நின்னேன்.”



ஜூன் 10, ஞாயிறு

அண்ணன் அவராகவே இ.அ. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். தாத்தா படத்தை ஸ்டூடியோவில் பிரதி எடுத்து, கண்ணாடி போட்டுக் கையில் வைத்திருந்தார். முட்டளவு தண்ணீர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார்.

இ.அ. படத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “மூக்கு எங்கம்மா மூக்கு” என்றார். மேஜைமேல் ரூத் அம்மாளின் படம் இருந்தது. மூக்கு அதேதான். கோமதிக்கும் அதே மூக்கு.

அண்ணன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அழுதார். இவ்வளவு பெரிய ஆள் அழுது நான் பார்த்ததில்லை. “அன்னைக்குத் தெரியாமச் சொல்லிட்டேன், பொறுத்துக்கணும் சித்தி” என்றார். சித்தி என்ற வார்த்தை எனக்கு முன்னால் அவருக்கு வந்துவிட்டது.

பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “பலகையில பேரு எழுதிடலாம். கோமதி கல்யாணம் மட்டும் முடியட்டும். ஆவணியில முகூர்த்தம். அது ஒண்ணு கழிஞ்சுட்டா எழுதிடச் சொல்றேன்.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அவசரமில்ல தம்பி,” என்றார் அவர். “எங்கம்மாவுக்குக் காத்திருந்து பழக்கம்தான்.”